பழைய பாய்மரப் படகில் ஐஸ் பெட்டியின் வடிகுழாய்க்குக் கையே எட்டவில்லை, எப்படிச் சரிசெய்வது?

எங்கள் படகும் பழசுதான். 28 அடி ஃபைபர் கிளாஸ் படகு, நண்பர்கள் நான்கு பேர் சேர்ந்து வாங்கினோம். மும்பை கேட்வே எதிரே கட்டிக் கிடக்கும், மழைக்காலத்துக்கு முன் கரையேற்றிவிடுவோம். உங்களுக்கு இருக்கும் அதே தொல்லைதான் எங்களுக்கும்: உள்ளே இறங்கினாலே கெட்ட நாற்றம், குழாயோ பெட்டிக்கும் படகின் உடம்புக்கும் நடுவே விரல் நுழையாத இடத்தில்.

குழாயைத் தொடுவதற்கு முன்னால் தண்ணீர் எங்கே போகிறது என்று பாருங்கள். இரண்டு லிட்டர் தண்ணீரில் துணிக்குப் போடும் சொட்டு நீலத்தைக் கலந்து பெட்டிக்குள் ஊற்றினோம். படகின் அடிக்குழியான பில்ஜுக்கு அரை லிட்டர்கூட வந்து சேரவில்லை. மிச்சத்தை எல்லாம் பெட்டியைச் சுற்றி அடைத்திருக்கும் ஃபோம் குடித்துவிட்டது! குழாய் பெட்டியோடு சேரும் மூட்டு கழன்று எத்தனை வருஷமோ. ஊறிய ஃபோம் குளிரைக் காக்காது, சசூன் டாக்கில் காலையில் வாங்கிப் போட்ட ஐஸ் சாயங்காலத்துக்குள் கரைந்தது ஏன் என்று அன்றுதான் புரிந்தது.

கை போகவில்லை என்றால் வழி வெட்டத்தான் வேண்டும். அடுப்புக்குக் கீழே உள்ள அலமாரியின் பின்பலகையில் 6 அங்குல வட்டம் அறுத்தோம். தாராவியிலிருந்து வந்த பிளம்பர் அண்ணாச்சி, "தம்பி, முதல்ல சின்னத் துளை போட்டு, அந்தப் பக்கம் வயர் கியர் இருக்கான்னு பாத்துட்டு அறுங்க" என்றார். நல்லவேளை கேட்டோம், நாங்கள் குறித்த கோட்டுக்கு நேர் பின்னால் வயர் கட்டு ஒன்று போய்க்கொண்டிருந்தது. வட்டத்தை நகர்த்தி அறுத்து, திருகு மூடி போட்டுவிட்டோம்.

உள்ளே கை விட்டால் குழாய் காய்ந்த முருங்கைக்காய் மாதிரி விறைத்துக் கிடந்தது, கிளிப் தொட்டதும் உதிர்ந்தது. இந்த மாதிரிக் குழாயை இழுக்கவே இழுக்காதீர்கள், பெட்டியின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் மூக்கு உடைந்தால் வேலை பத்து மடங்கு. பிளேடால் நீளவாக்கில் கீறி உரித்தெடுங்கள். புதுக் குழாயின் நுனியை வெந்நீரில் கொஞ்ச நேரம் முக்கினால் இளகி மூக்கில் ஏறும். கிளிப் மட்டும் உப்புத் தண்ணீரைத் தாங்கும் 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்தான், நாக்தேவி தெருவில் தேடினால் கிடைக்கும்.

ஊறிய ஃபோம் தானாகக் காயும் என்று நம்பாதீர்கள், அதுவும் மும்பை மழைக்காலத்தில். வளைந்த கம்பியால் அடிப்பகுதியைச் சுரண்டி எடுத்துவிட்டு, இரண்டு திரவம் கலந்து ஊற்றும் ஃபோமைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினோம். ஒரே மூச்சில் ஊற்றினால் அது பொங்கிப் பெட்டிச் சுவரையே உள்ளே தள்ளிவிடும்.

அப்புறம் அந்தத் தண்ணீரை எங்கே விடுவது? பில்ஜில் வேண்டவே வேண்டாம், மீன் சாறும் பாலும் கலந்த தண்ணீர் அங்கே தேங்கித்தான் அந்த நாற்றம். சிங்க் வடிகுழாயில் T வடிவ இணைப்பு போட்டுச் சேர்க்கச் சொல்வார்கள், அதையும் செய்யாதீர்கள். எங்கள் பெட்டியின் அடி கடல் மட்டத்துக்குக் கீழே, படகு சாய்ந்து ஓடும்போது கடல் தண்ணீர் அந்த வழியாகப் பெட்டிக்குள் ஏறிவிடும். நாங்கள் காலால் மிதிக்கும் பம்ப் வைத்து, குழாயை சிங்க் விளிம்புக்கு மேலே கொண்டுபோய் சிங்கில் விழ விட்டோம். இதில் இன்னொரு லாபமும் உண்டு. குளிர்ந்த காற்று கனமானது, திறந்த வடிகுழாய் இருந்தால் அடி வழியாக ஒழுகிப் போய்விடும், பம்பின் வால்வு அதைத் தடுக்கிறது.

அறுக்க மனசே வரவில்லை என்றால், பழைய ஓட்டையை எபாக்ஸியால் நிரந்தரமாக அடைத்துவிட்டு, மேலிருந்து ஒரு கைப் பம்பை இறக்கி உறிஞ்சி எடுங்கள், தப்பே இல்லை. 10 கிலோ ஐஸ் போட்டால் கரைந்து 10 லிட்டர் தண்ணீர். எதிர்க்கரை மாண்ட்வா போய்த் திரும்புவதற்குள் இரண்டு தடவை எடுத்தால் எங்களுக்குப் போதுமாக இருக்கிறது.