கிணற்று நீரில் உலோகம்: நானோதுளை உணரி வாங்கலாமா?

கேள்வி: மணவாளக்குறிச்சியில் குடியிருக்கிறோம். சுற்றிலும் கருமணல். கிணற்றுத் தண்ணீர் இறைக்கும்போது கண்ணாடி மாதிரி இருக்கும். வாளியில் வைத்தால் மஞ்சளாகி அடியில் படிகிறது. நானோதுளை உணரி ஈயம், பாதரசம் எல்லாம் கண்டுபிடிக்குமாமே, ஒன்று வாங்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். அது இன்னும் ஆய்வுக்கூடத்துக் கருவிதான்.

மெல்லிய படலத்தில் சில நானோமீட்டர் அகலத்தில் ஒரு துளை. இருபுறமும் உப்புக்கரைசல். மின்னழுத்தம் கொடுத்தால் அயனிகள், அதாவது மின்னூட்டம் கொண்ட அணுக்கள், துளை வழியே ஓடும்; அந்த நுண்ணிய மின்னோட்டத்தை அளக்கிறோம். வெறும் துளைக்கு ஈயமும் தெரியாது, சோடியமும் தெரியாது. குறிப்பிட்ட உலோகத்தைப் பிடிக்கும் வேதிக்குழுவைத் துளையின் சுவரில் ஒட்டினால்தான் வேலை நடக்கும். 1997-இல் வேதியியலாளர் ஹேகன் பேலியின் குழு, ஸ்டெஃபைலோகாக்கஸ் பாக்டீரியாவின் ஒரு புரதத்துளைக்குள், உலோகத்தைப் பிடிக்கும் ஹிஸ்டிடின் அமினோ அமிலங்களைப் புகுத்தித் துத்தநாகத்தை இனங்கண்டது. அயனி வந்து உட்கார்ந்தால் மடையில் கல் விழுந்த மாதிரி ஓட்டம் குறையும். விலகினால் பழைய நிலைக்குத் திரும்பும். எவ்வளவு குறைந்தது, எவ்வளவு நேரம் நின்றது என்பதை வைத்து எந்த உலோகம் என்று சொல்லலாம். எத்தனை தடவை நடந்தது என்பது அதன் செறிவைச் சொல்லும். எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்: ஒற்றை அயனியின் வரவையே அளக்க முடிகிறது.

சிக்கல் கிணற்று நீரில் இருக்கிறது. குடிநீரில் ஈயத்துக்கு இந்தியத் தர அளவு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம். கால்சியத்துக்கோ 75. இந்த ஆயிரக்கணக்கான மடங்கு கூட்டத்தில் ஈயத்தை மட்டும் பிடிக்கச் சுவரின் வேதியியல் மிகக் கச்சிதமாக அமைய வேண்டும். கடலோரக் கிணற்றில் உப்பும் சேர்ந்தால் இன்னும் கஷ்டம்.

சரி, உங்கள் வாளிக்கு வருவோம். நீங்கள் சொல்வது பெரும்பாலும் இரும்பு. கரைந்திருக்கும்போது நிறம் தெரியாது, காற்றுப்பட்டதும் துருவாகிப் படியும். கருமணலின் நிறம் இல்மனைட் என்ற கனிமத்தால் வருவது. மணலோடு இருக்கும் மோனசைட் என்ற இன்னொரு கனிமத்திலுள்ள கதிரியக்கத் தோரியம் நீரில் எளிதில் கரையாது. அதனால் மணலைப் பார்த்துத் தண்ணீரை மதிப்பிட வேண்டாம்.

நாகர்கோவிலில் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தை அணுகுங்கள். இரும்புக்கு மட்டுமா, ஈயம், காட்மியம் போன்றவற்றுக்கும் சோதிப்பார்களா என்று முன்பே கேளுங்கள். உலோகச் சோதனைக்கான பாட்டிலையும் அவர்களிடமே வாங்குங்கள். எடுத்த நீரில் அமிலம் சேர்க்காவிட்டால் உலோக அயனிகள் பாட்டில் சுவரில் ஒட்டிக்கொண்டு அளவு குறைவாகக் காட்டும். அப்புறம், கொதிக்க வைத்தால் உலோகம் போகாது, நீர் வற்ற வற்றச் செறிவு கூடும்.