கண்டது, நினைத்தது: இடைநிலைப்பள்ளி மாணவர்களுக்குத் தடயவியல், கேள்வி பதில்

தடயப் பொருள்களைப் பரிசோதிக்கிற ஆய்வுக்கூடத்தில் 22 வருஷம் வேதியியலாளராக இருந்துவிட்டு இப்போது பினாங்கில் ஓய்வாக இருக்கிறேன். ஓய்வு என்று பேர்தான். பட்டர்வொர்த், பிறை பக்கம் எந்தப் பள்ளியில் அறிவியல் கழகம் கூப்பிட்டாலும் பையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவேன். மாணவர்களுக்குத் தடயவியலை எப்படி அறிமுகப்படுத்துவது என்று ஆசிரியர்களும் பெற்றோர்களும் பிள்ளைகளும் கேட்டவற்றுக்கு, கேட்ட வரிசையிலேயே பதில் எழுதுகிறேன்.

படிவம் நான்கில் 30 பேர் இருக்கிறார்கள் ஐயா. முதல் வகுப்பை எதில் ஆரம்பிக்கலாம்? கைரேகைப் பவுடர் வாங்கி வைத்திருக்கிறேன். (ஆசிரியை, பிறை)

பவுடரை அலமாரியில் வைத்துப் பூட்டுங்கள் டீச்சர். அதைக் கண்டால் பிள்ளைகள் அதிலேயே விழுந்துவிடுவார்கள், அப்புறம் வேறு எதையும் பார்க்க மாட்டார்கள்.

நான் செய்வது இதுதான். வகுப்புக்கு முன்னால் ஒரு மேசையில் நாலைந்து சாமான் வைத்துவிடுவேன். போன மாதம் வைத்தவை: பாதி குடித்த தேநீர்க் குவளை, ஒரு பஸ் டிக்கெட், ஈரக் குடை, சற்றே திரும்பிய நாற்காலி. ஆளுக்கொரு தாளில் நடுவே கோடு போட்டு, இடது பக்கம் ‘கண்டது’, வலது பக்கம் ‘நினைத்தது’ என்று எழுதச் சொன்னேன். பத்து நிமிஷம், தொடக்கூடாது.

முக்கால்வாசிப் பேர் இடது பக்கத்திலேயே ‘யாரோ அவசரமாக எழுந்து போயிருக்கிறார்’ என்று எழுதிவிட்டார்கள். அவசரம் மேசையில் எங்கே இருக்கிறது, எனக்குக் காட்டு என்றால் முழிக்கிறார்கள். பின் வரிசையில் இருந்த ஒரு பெண் மட்டும் குனிந்து குனிந்து பார்த்துவிட்டு இடது பக்கம் எழுதியது: மேசையில் இரண்டு வட்டம், ஒன்று காய்ந்து மங்கியிருக்கிறது, ஒன்று ஈரம்; குவளை ஈர வட்டத்தின் மேல் இருக்கிறது; எறும்பு இல்லை. வலது பக்கம்: குவளையை ஒருமுறை நகர்த்தியிருக்கிறார்கள், வைத்து ரொம்ப நேரம் ஆகவில்லை, ஆகியிருந்தால் எறும்பு வந்திருக்கும். அதற்குக் கீழே, பொடி எழுத்தில், ‘அல்லது சீனி போடாத தேநீர்’.

அந்த ‘அல்லது’ ஒன்று வந்துவிட்டால் போதும், மற்றதெல்லாம் கற்றுக்கொடுத்துவிடலாம். முதல் இரண்டு வகுப்புக்கு இதையே சாமான் மாற்றி மாற்றிச் செய்யுங்கள்.

சரி, மூன்றாவது வகுப்பில் கைரேகை எடுக்கலாம்தானே? வாங்கின பவுடர் போதாது. (அதே ஆசிரியை)

எடுக்கலாம். போதாவிட்டால் கொக்கோ பவுடரும் ஒப்பனைத் தூரிகையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தூரிகை மிருதுவாக இருக்க வேண்டும், அழுத்தித் தேய்த்தால் ரேகை போய்விடும். கண்ணாடி மேல் கொக்கோ, கறுப்பு ஓட்டின் மேல் முகப் பவுடர், பிறகு செலோடேப்பை ஒட்டித் தூக்கித் தாளில் பதிக்க வேண்டியதுதான். மைலோ பானத் தூளைப் போட்டும் பார்த்திருக்கிறேன். சீனியும் கட்டியுமாக ஒட்டி எல்லாம் பாழ். மழை நாளில் நம்மூர்க் காற்றின் ஈரத்துக்குக் கண்ணாடி லேசாக வியர்த்திருக்கும், அப்போது எந்தப் பவுடரும் அப்பிக்கொள்ளும். ஈரம் காய்ந்த பிறகு போடுங்கள்.

ஒன்று சொல்லிவிடுகிறேன், யூட்யூப் பார்த்து சூப்பர் குளூவைச் சூடாக்கி ஆவி பிடிக்காதீர்கள். முறை உண்மைதான், ஆய்வுக்கூடத்தில் செய்கிறோம், ஆனால் புகை வெளியேற்றும் பெட்டிக்குள் செய்கிறோம். அந்த ஆவி கண்ணையும் மூக்கையும் எரித்துவிடும். அப்புறம், பிள்ளைகளின் ரேகைத் தாள்களை நீங்கள் சேர்த்து வைக்க வேண்டாம். அவரவர் ரேகையை அவரவர் வீட்டுக்கு எடுத்துப் போகட்டும். 12 வயதில் மைகார்ட் என்கிற அடையாள அட்டை எடுக்கும்போது கட்டைவிரலைப் பதித்தது எதற்கு என்று அன்றைக்கு அவர்களே உங்களைக் கேட்பார்கள், பாருங்கள்.

என் பாட்டி விரலைப் பிடித்துச் சங்கு எத்தனை, சக்கரம் எத்தனை என்று எண்ணுவார். அதுவும் இதுவும் ஒன்றா? (படிவம் மூன்று மாணவன்)

பாட்டி பார்த்தது சரி. சக்கரம் என்றால் சுழி, சங்கு என்றால் வளையம். இன்னொன்று வில் போல மேடாகப் போவது, அது குறைவு. அந்த எண்ணிக்கையில் ராஜயோகம் வருமா வராதா என்று பாட்டி சொல்வதற்கு நான் பொறுப்பில்லை தம்பி.

இந்த வடிவங்களை வைத்துப் பத்து விரலுக்கும் ஒரு கணக்குப் போட்டு, ஆயிரக்கணக்கான அட்டைகளில் ஒன்றைச் சட்டென்று தேடி எடுக்கிற முறையை உருவாக்கியதில் பெரும்பங்கு கல்கத்தாவில் வேலை பார்த்த இரண்டு பேருக்கு உண்டு, அசிசுல் ஹக், ஹேம் சந்திர போஸ். அங்கே 1897இல் கைரேகை அலுவலகமும் வந்துவிட்டது. ஆனால் முறைக்கு வைத்த பெயர் அவர்களுடைய மேலதிகாரி எட்வர்ட் ஹென்றியின் பெயர். வேலை ஒருவருக்கு, பேர் இன்னொருவருக்கு, அன்றைக்கும் அப்படித்தான்.

இரட்டையர்களுக்கு ஒரே ரேகையா?

இல்லை. ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையருக்கு டிஎன்ஏ ஏறக்குறைய ஒன்றுதான், ரேகை வேறு வேறு. தாய் வயிற்றில் இருக்கும்போதே ரேகை உருவாகிவிடுகிறது, அங்கே ஒவ்வொரு விரலுக்கும் கிடைக்கிற அழுத்தமும் வளர்ச்சியும் ஒன்றுபோல இருப்பதில்லை.

அப்படியென்றால் கைரேகை ஒத்துப்போனால் ஆள் அவர்தான், சந்தேகமே இல்லை, சரியா? (படிவம் ஐந்து மாணவி, புக்கிட் மெர்தாஜாம்)

விரல் பொய் சொல்லாது, விரலைப் பார்க்கிற மனுஷன் தப்பு செய்வான். 2004இல் மாட்ரிட் ரயில் குண்டுவெடிப்பில் கிடைத்த ஒரு ரேகையை அமெரிக்காவின் எஃப்பிஐ, ஓரிகனில் இருந்த ஒரு வழக்கறிஞருடையது என்று சொல்லிவிட்டது. ஒருவர் இல்லை, ஒன்றுக்கு மேற்பட்ட நிபுணர்கள் பார்த்து ஆமாம் என்றார்கள். அவரைப் பிடித்து உள்ளே வைத்தார்கள். பிறகு ஸ்பெயின் போலீஸ் அந்த ரேகை அல்ஜீரியாக்காரர் ஒருவருடையது என்று கண்டுபிடித்தது, எஃப்பிஐ மன்னிப்புக் கேட்டது.

முதல் நிபுணர் ‘ஒத்துப்போகிறது’ என்று சொன்னது தெரிந்த பிறகு இரண்டாமவர் பார்த்தால், அவர் கண் ஒற்றுமையைத்தான் தேடும். வகுப்பில் இதைச் செய்து பாருங்கள்: ஒரே ஜோடி ரேகையை இரண்டு குழுவுக்குக் கொடுத்து, ஒரு குழுவிடம் மட்டும் ‘இது அவன்தான் என்று ஏற்கெனவே முடிவாகிவிட்டது’ என்று சொல்லிவிடுங்கள். என்ன நடக்கிறது என்று நீங்களே பாருங்கள்.

எங்கள் பள்ளியில் ஆய்வுக்கூடம் பேருக்குத்தான் இருக்கிறது. செலவில்லாமல் என்ன செய்யலாம்? (ஆசிரியர்)

அடுப்படி போதும். நாலு வெள்ளைப் பவுடர்: சோள மாவு, ஆப்ப சோடா, உப்பு, தூள் சீனி. பெயர் ஒட்டாமல் கொடுங்கள். அயோடின் சொட்டினால் சோள மாவு கருநீலம் ஆகும், வினிகர் ஊற்றினால் சோடா நுரைக்கும், மற்ற இரண்டையும் பூதக்கண்ணாடியில் பார்த்தால் உப்பு கன சதுரமாக இருக்கும். நாக்கில் வைத்துப் பார்ப்பது மட்டும் கூடாது, படத்தில் போலீஸ்காரர் பவுடரை நக்கிப் பார்ப்பதைப் போல முட்டாள்தனம் வேறில்லை.

மஞ்சளை விட்டுவிட்டேனே. ஆரத்தி எப்படிச் சிவக்கிறது? மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பு. காரம் பட்டால் மஞ்சள் சிவக்கும், புளிப்பு பட்டால் திரும்பவும் மஞ்சளாகும். சங்குப்பூத் தண்ணீரில் எலுமிச்சை பிழிந்தால் நீலம் ஊதாவாகும், நம் நியோன்யா பலகாரத்துக்கு நிறம் கொடுக்கிற அதே பூதான். வேதியியல் நிறங்காட்டி என்று புத்தகத்தில் இருப்பது வீட்டுக் கல்யாணத்திலேயே இருக்கிறது.

அப்புறம் பேனா மை. மூன்று கறுப்புப் பேனா, காப்பி வடிகட்டும் தாள், ஒரு கிளாஸில் கொஞ்சம் தண்ணீர். தாளில் பென்சிலால் கோடு போட்டு அதன் மேல் மைப் புள்ளி வையுங்கள், தண்ணீர் கோட்டுக்குக் கீழே இருக்கட்டும். ஒவ்வொரு கறுப்பும் வேறு வேறு நிறமாகப் பிரிந்து ஏறும். பால்பாயிண்ட் மை தண்ணீருக்கு அசையாது, அதற்கு ஸ்பிரிட் வேண்டும்.

கணித ஆசிரியரையும் இழுத்து வாருங்கள். ரோஸ் சிராப்பில் கொஞ்சம் மாவு கலந்து, சாய்த்து வைத்த அட்டையில் சொட்டச் சொல்லுங்கள். சொட்டு நீள்வட்டமாக விழும். அகலத்தை நீளத்தால் வகுத்தால் வருவது, அது விழுந்த கோணத்தின் சைன். 5 மில்லிமீட்டர் அகலம், 10 மில்லிமீட்டர் நீளம் என்றால் 30 பாகை. சைன், கொசைன் எதற்கு சார் என்று கேட்கிற பையன் அன்றைக்குக் கேட்க மாட்டான். நிஜ ரத்தம் வேண்டவே வேண்டாம், கோழி ரத்தமும்தான்.

ஈயை வைத்து இறந்த நேரத்தைச் சொல்கிறார்களாமே? (படிவம் நான்கு மாணவன், ஐயர் ஈத்தாம்)

சொல்கிறோம், ஆனால் ‘நேரம்’ என்று இல்லை, ‘குறைந்தது இத்தனை நாள்’ என்று. பாசாரில் மீன் கடைப் பக்கம் பளபளவென்று நீலப் பச்சையாக, சிவந்த பெரிய கண்ணோடு ஓர் ஈ உட்காருமே, கிரைசோமையா மெகாசெபாலா, அதுதான் இங்கே பிணத்தில் முட்டையிட முதலில் வருகிறவர்களில் ஒன்று. அதன் புழு எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்பதில்தான் கணக்கு. நம் சூட்டில் முட்டை ஒரு நாளுக்குள் பொரிந்துவிடும். குளிர் நாட்டுப் புத்தகத்தில் இருக்கிற அட்டவணையை இங்கே அப்படியே போட்டால் கணக்கு உதைக்கும்.

இது புதுசும் இல்லை. 1247ஆம் ஆண்டு வாக்கில் சீனாவில் சொங் சி என்ற அதிகாரி எழுதி வைத்த ஒரு வழக்கு உண்டு. கிராமத்தில் வெட்டுக்கொலை. எல்லோருடைய அரிவாளையும் வெயிலில் தரையில் வைக்கச் சொன்னார்கள். கழுவி வைத்த ஓர் அரிவாளில் மட்டும் ஈ மொய்த்தது.

செய்து பார்க்க ஆசையா? கோழித் துண்டு வைத்து ஒரு பள்ளியில் செய்தோம், மூன்றாம் நாள் கென்டீன் அக்கா எங்களைத் துரத்தினார். வாழைப்பழமும் பழ ஈயும் போதும்.

மகள் படிவம் ஐந்தின் அரசுத் தேர்வான எஸ்பிஎம் எழுதப் போகிறாள், தடயவியல்தான் படிப்பேன் என்கிறாள். வேலை கிடைக்குமா அண்ணே? (தாய், கோலாலம்பூர்)

உள்ளதைச் சொல்கிறேன் தங்கச்சி. தடயவியல் பட்டப்படிப்பு யுகேஎம் (மலேசியத் தேசியப் பல்கலைக்கழகம்) கோலாலம்பூர் வளாகத்தில் இருக்கிறது, யுஎஸ்எம்மில் (மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம்) என்றால் பினாங்கில் இல்லை, கிளந்தான் குபாங் கெரியான் வளாகத்தில். வேலை கொடுக்கிற இடம் நிறைய இல்லை: ஜபாத்தான் கிமியா என்கிற அரசு வேதியியல் துறை, போலீஸின் தடயவியல் ஆய்வுக்கூடம், இன்னும் சில. அதனால் வேதியியலோ உயிரியலோ படித்துவிட்டு இந்தப் பக்கம் வருவதும் நல்ல வழிதான், இது கிடைக்காவிட்டால் வேறு கதவு திறந்திருக்கும். பிரேதப் பரிசோதனை செய்ய ஆசை என்றால் அது முழுக்க வேறு பாதை, முதலில் டாக்டர் ஆக வேண்டும்.

வேலை எப்படி இருக்கும் என்றும் சொல்லிவிடுங்கள். பெரும்பாலும் நிறுப்பதும் எழுதுவதும்தான். 1952ஆம் ஆண்டு அபாயகரமான போதைப்பொருள் சட்டப்படி 15 கிராம் ஹெராயின் கையில் இருந்தால் கடத்தல் என்று அனுமானிப்பார்கள். பொட்டலத்தின் எடை அல்ல, கலப்படம் போக உள்ளே இருக்கிற ஹெராயின் எவ்வளவு என்று நாம் பிரித்துச் சொல்ல வேண்டும். 14.8ஆ 15.2ஆ என்பதில் ஒருவருடைய உயிரே இருக்கலாம். தராசைச் சரிபார்த்த தேதியைக்கூட வக்கீல் கேட்பார். அந்தக் கூண்டில் நின்று ‘இதற்கு மேல் என்னால் சொல்ல முடியாது’ என்று சொல்லத் தெரிய வேண்டும். மகளுக்கு இது பிடிக்குமா என்று கேளுங்கள்.

சீரியலில் தடயத்தை எல்லாம் பிளாஸ்டிக் பையில் போடுகிறார்களே?

ஈரமானதைப் பிளாஸ்டிக்கில் போட்டால் பூஞ்சை பிடித்துவிடும், நம் ஊரில் கேட்கவே வேண்டாம். உலர வைத்துக் காகிதப் பையில் போட வேண்டும், யார் எடுத்தார், யாரிடம் கொடுத்தார், எத்தனை மணிக்கு என்று பையின் மேலேயே எழுத வேண்டும். ஒரு கையெழுத்து விட்டுப்போனாலும் நீதிமன்றத்தில் இடிக்கும்.

ஐயா, அந்த மேசையில் இருந்த தேநீரில் சீனி இருந்ததா இல்லையா? (போன மாதம் அந்த மேசையைப் பார்த்த மாணவர்கள், எல்லோருமாக)

இல்லை. எனக்கு இனிப்பு நீர், நான் குடிப்பது தே சி கோசோங், சீனி போடாத பால் தேநீர். வகுப்பு தொடங்குவதற்கு முக்கால் மணி நேரம் முன்னாலேயே வைத்துவிட்டேன். உங்கள் தாள்களை எடுத்துப் பாருங்கள், ‘கண்டது’ பக்கத்தில் எத்தனை பேர் ‘தே தாரிக்’, அதாவது இனிப்பான ஆற்றிய தேநீர், என்று எழுதியிருக்கிறீர்கள்.