வாசகர் கேள்வி, நம் பதில்: பெட்ராவின் பாறை வாசல்

ஜோர்தானின் பெட்ரா நகருக்குள் நுழையும் ‘சீக்’ வழியை உளி கொண்டு குடைந்தார்களா? (சேலம் வாசகர்)

குடையவில்லை. சுமார் 1.2 கிலோமீட்டர் நீளமுள்ள அந்த வழி, நில அசைவில் மணற்பாறை பிளந்ததால் வந்தது. பிறகு வெள்ளம் புகுந்து சுவர்களை இழைத்துவிட்டது. எதிரெதிர்ச் சுவர்களின் வண்ண வரிகள் பல இடங்களில் ஒன்றோடொன்று பொருந்துவதே இதற்குச் சாட்சி.

பெட்ராவை எழுப்பிய பழங்கால அரபு மக்களான நபத்தேயர்களின் உளி வேலை செய்தது தண்ணீர் விஷயத்தில்தான். வாடி மூசா ஓடையின் மழைவெள்ளம் நேராக இந்தப் பிளவுக்குள் பாய்ந்தால் நகர வாசலே ஆறாகிவிடும். அதனால் முகப்பில் அணை கட்டி, பக்கத்துக் குன்றில் ‘அல் முத்லிம்’ என்ற சுரங்கத்தை வெட்டி, வெள்ளத்தை வேறு பள்ளத்தாக்குக்குத் திருப்பினார்கள். அதே சமயம் குடிநீர் உள்ளே வர வேண்டுமே! சுவரில் வாய்க்கால் வெட்டினார்கள்; சுடுமண் குழாய்களையும் பதித்தார்கள். குட்டையான குழாய்களை ஒன்றின் வாயில் மற்றொன்றைச் செருகி, சுண்ணாம்புக் காரையால் பூசியிருக்கிறார்கள். இதில் சரிவுதான் சூட்சுமம். சரிவு கூடினால் அழுத்தத்தில் இணைப்புகள் கசியும். குறைந்தால் வண்டல் தங்கிக் குழாய் அடைக்கும்.

வாசலில் ஒரு தோரண வளைவு இருந்ததாமே? (மதுரை வாசகி)

இருந்தது. இரு பாறைகளுக்கும் குறுக்கே நின்ற அதை 1839-இல் வந்த ஸ்காட்லாந்து ஓவியர் டேவிட் ராபர்ட்ஸ் ஓவியமாகவே வரைந்திருக்கிறார். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இடிந்து விழுந்தது. இன்று அதன் அடிப்பகுதியும் பாறையில் செதுக்கிய மாடங்களும்தான் மிச்சம். உள்ளே போகும் அவசரத்தில் பலரும் கவனிக்காமல் கடந்துவிடுகிறார்கள்.

மழைக்காலத்தில் போகலாமா? (கோவை வாசகர்)

வானம் கறுத்தால் உள்ளே போகாதீர்கள். தலைக்கு மேல் வெயில் அடித்தாலும், மேட்டுப் பகுதியில் பெய்த மழை திடீரென வந்து சேரும். பழைய அணை சிதைந்து கிடந்த 1963-இல் அப்படி வந்த வெள்ளம் பிரெஞ்சுச் சுற்றுலாப் பயணிகள் இருபதுக்கும் மேற்பட்டோரின் உயிரைப் பறித்தது. அதன் பிறகுதான், நபத்தேயர் அணை கட்டிய அதே இடத்தில் புதிய அணை எழுந்தது.