ஜூலைக்குப் பிறகு உங்கள் ஹிட்டருக்கு என்ன ஆயிற்று?

கேள்வி: நியூஜெர்சியில் அலுவலக நண்பர்களோடு ஃபேன்டஸி பேஸ்பால் (நிஜ ஆட்டக்காரர்களைக் கற்பனை அணியாகச் சேர்த்து, அவர்கள் எடுக்கும் எண்களை வைத்துப் போட்டியிடுவது) ஆடுகிறேன். என் அணியின் முக்கிய ஹிட்டர் (பந்தை அடிப்பவர்) ஜூலை நடுவில் வரும் ஆல்-ஸ்டார் இடைவேளை வரை 340 அட்-பேட்டில் (அடிக்கக் கிடைத்த முறை) 108 ஹிட், 16 ஹோம்ரன், சராசரி (ஹிட்டை அட்-பேட்டால் வகுத்தது) .318. அதற்குப் பிறகு 60 அட்-பேட்டில் 13 ஹிட், 2 ஹோம்ரன், சராசரி.217. ஸ்ட்ரைக்அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் அவுட் ஆவது) முன்பு 68, இப்போது 12. முந்தைய மூன்று ஆண்டுகளில் அவருடைய சராசரி .276. போன இரண்டு சீசன்களிலும் இரண்டாம் பாதியில் இப்படித்தான் இறங்கினார். கிடைத்த விலைக்குத் தள்ளிவிடலாமா?

பதில்: தள்ளிவிட வேண்டாம். ஆனால் .318 திரும்பி வரும் என்று காத்திருக்கவும் வேண்டாம்.

60 அட்-பேட் என்பது இரண்டரை வார ஆட்டம், அவ்வளவுதான். .276 அடிக்கிறவர் அதில் பதினாறு, பதினேழு ஹிட் எடுத்திருக்க வேண்டும். இவர் எடுத்தது 13. உங்கள் தூக்கத்தைக் கெடுப்பது மூன்று நான்கு ஹிட். ஷார்ட்ஸ்டாப் (இரண்டாம், மூன்றாம் பேஸுக்கு நடுவே நிற்கும் ஃபீல்டர்) பாய்ந்து பிடித்த பந்து ஒன்று, வேலியோரம் அகப்பட்டது ஒன்று என்று போனாலே கணக்கு தீர்ந்துவிடும். திறமையில் இம்மியும் குறையாத .276 ஹிட்டர்களிலேயே ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு, எந்த 60 அட்-பேட்டை எடுத்தாலும், 13 அல்லது அதற்கும் குறைவாகத்தான் வரும்.

சரி, ஸ்ட்ரைக்அவுட்டைப் பாருங்கள். முன்பு 340-இல் 68, அதாவது 20 சதவீதம். இப்போது 60-இல் 12. அதே 20. இது முக்கியம். ஒரு ஹிட்டரின் எண்களில் மிகச் சீக்கிரம் உண்மை பேசுவது இதுதான். அறுபது வாய்ப்புகளிலேயே ஓரளவு நம்பலாம். வாக் (நான்கு தவறான வீச்சுக்கு முதல் பேஸ் இலவசமாகக் கிடைப்பது) எண்ணிக்கைக்கு அதைப் போல இரண்டு மடங்கு வேண்டும். பேட்டிங் சராசரிக்கோ ஒரு முழு சீசன்கூடப் போதாது. நாம் எல்லோரும் முதலில் பார்ப்பது அந்தச் சராசரியைத்தான்!

இப்போது ஸ்ட்ரைக்அவுட்டையும் ஹோம்ரனையும் கழித்துவிட்டு, மைதானத்துக்குள் போன பந்துகளை மட்டும் எடுங்கள். முதல் பாதியில் 256 பந்தில் 92 ஹிட்: .359. இரண்டாம் பாதியில் 46-இல் 11: .239. மேஜர் லீக்கில் இது வழக்கமாக .300-ஐ ஒட்டித்தான் நிற்கும். மின்னல் வேகத்தில் ஓடுகிறவர்களுக்குக் கொஞ்சம் கூடலாம். முதல் பாதியில் இவருக்கு .300 மட்டுமே கிடைத்திருந்தால் சராசரி .274 ஆகியிருக்கும். அவருடைய பழைய .276 நினைவுக்கு வருகிறதா? சந்தேகப்பட வேண்டிய எண் இப்போதைய .217 மட்டுமல்ல, ஜூலை வரை நீங்கள் கொண்டாடிய.318-உம்தான். விற்க நல்ல நேரம் அதுவாக இருந்தது. இப்போது விற்றால் அடிமாட்டு விலைதான் கிடைக்கும்.

‘இரண்டாம் பாதியில் தொய்கிறவர்’ என்ற பட்டத்தையும் கொஞ்சம் தள்ளி வையுங்கள். ஒவ்வோர் ஆண்டும் ஏறுவதும் இறங்குவதும் நாணயம் சுண்டுவது போல என்று வைத்தால்கூட, இரண்டு ஆண்டு தொடர்ந்து இறங்கியவர்கள் நான்கில் ஒருவர் இருப்பார்கள். உங்கள் அணியிலேயே இரண்டு மூன்று பேர் தேறுவார்கள்.

‘பாதி’ என்பதே பேச்சுக்குத்தான். 162 ஆட்டத்தில் இடைவேளைக்குள்ளேயே தொண்ணூற்றைந்து ஒட்டி முடிந்துவிடும். அதனால் ஹோம்ரன்களை நேருக்கு நேர் ஒப்பிடாதீர்கள். 2013-இல் கிறிஸ் டேவிஸ் இடைவேளைக்கு முன்னால் 37 ஹோம்ரன், பின்னால் 16. விகிதப்படி பார்த்தாலும் சரிவுதான், ஆனால் 37-க்கு 16 என்று கேட்கும்போது தோன்றுகிற அளவு இல்லை. பாபி அப்ரூ 2005-இல் ஹோம்ரன் டெர்பியில் (ஆல்-ஸ்டார் இடைவேளையில் நடக்கும் ஹோம்ரன் அடிக்கும் போட்டி) 41 அடித்துக் கோப்பை வாங்கினார். சீசனின் மிச்சத்தில் அடித்தது ஆறே ஆறு. டெர்பி ராசியில்லை என்ற பேச்சு இப்படித்தான் வளர்கிறது. டெர்பிக்கு அழைக்கப்படுகிறவர்கள் பெரும்பாலும் அந்த நேரத்தில் உச்சத்தில் இருப்பவர்கள். உச்சியில் இருப்பவருக்கு இறங்குவதைத் தவிர வேறு எங்கே வழி?

நிஜமான சரிவும் உண்டு. 2017-இல் ஆரோன் ஜட்ஜ் முதல் பாதியில் .329, 30 ஹோம்ரன், இரண்டாம் பாதியில்.228. இது வெறும் அதிர்ஷ்டக் குறைவு அல்ல. அவர் ஸ்ட்ரைக்அவுட் இல்லாமல் ஓர் ஆட்டம்கூட இல்லை என்று 37 ஆட்டங்கள் ஓடின. சீசன் முடிந்ததும் இடது தோளில் அறுவை சிகிச்சை நடந்தது. ஆனால் அவரை ஆகஸ்டில் விற்றவர்கள் தலையில் கை வைத்திருப்பார்கள்: செப்டம்பரில் மட்டும் 15 ஹோம்ரன், சீசனுக்கு 52. அதே ஆண்டு ஜியான்கார்லோ ஸ்டான்டன் கோடையில் நிற்கும் கோணத்தை மாற்றி, முன்காலைப் பின்காலைவிட ஹோம் பிளேட்டுக்கு அருகில் வைத்து நின்றார். இடைவேளைக்கு முன்னால் 26 ஹோம்ரன், பின்னால் 33. இதைப் போல கண்ணுக்குத் தெரியும் காரணம் இருந்தால் பாதிக் கணக்கை நம்பலாம்.

உங்கள் ஆளிடம் எனக்கு அப்படி எதுவும் தெரியவில்லை. இன்னும் ஒன்று மட்டும் பார்த்துவிடுங்கள்: ஸ்டாட்காஸ்ட் (மேஜர் லீக்கின் பந்து அளவீட்டு முறை) பக்கத்தில் பந்து பேட்டை விட்டுக் கிளம்பும் வேகம். ஜூன் மாதத்து வேகமே இப்போதும் இருந்தால், .275 அடிக்கிற ஆள் என்று நினைத்து அணியில் வைத்திருங்கள். வேகம் மணிக்கு இரண்டு மூன்று மைல் குறைந்து, ஸ்ட்ரைக்அவுட்டும் 20-இலிருந்து 28 சதவீதத்தை நோக்கி நகர்ந்தால், மணிக்கட்டிலோ தோளிலோ எதையோ மறைத்துக்கொண்டு ஆடுகிறார் என்று சந்தேகிக்கலாம். அப்போது உங்கள் லீக்கின் டிரேடு கெடு தேதிக்கு முன் கைமாற்றிவிடுங்கள். வாங்குகிற நண்பரிடம் .318-ஐ மட்டும் சொல்லுங்கள். அவரும் இந்தப் பதிலைப் படித்திருந்தால் நான் பொறுப்பல்ல.