ஒரே ஐ.டி. பங்கில் ₹18 லட்சம்: ஸ்டாப் லாஸ் காப்பாற்றுமா?

கேள்வி: எனக்கு வயது 44. சென்னையில் ஐ.டி. நிறுவனம் ஒன்றில் பணிபுரிகிறேன். என் சேமிப்பு ₹25 லட்சம். அதில் ₹18 லட்சம் ஒரே பெரிய ஐ.டி. பங்கிலும், மீதி ஒரு டெக்னாலஜி ஃபண்டிலும் உள்ளன. இரண்டு ஆண்டுகளில் மகளின் கல்லூரிப் படிப்புக்கு ₹10 லட்சம் தேவைப்படும். பங்கு திடீரென்று சரிந்தால் தப்பிக்க ஸ்டாப் லாஸ் (விலை நான் குறித்த அளவுக்கு இறங்கினால் தானாக விற்கச் சொல்லும் உத்தரவு) போட்டால் போதாதா?

பதில்: போதாது. 2023 ஏப்ரல் 13, வியாழக்கிழமை மாலை, சந்தை முடிந்த பிறகு இன்ஃபோசிஸின் காலாண்டு முடிவுகள் வெளியாயின. மறுநாள் அம்பேத்கர் ஜெயந்தி, சந்தைக்கு விடுமுறை. அடுத்து சனி, ஞாயிறு. திங்கள் காலை வர்த்தகம் தொடங்கியபோதே விலை வெகுவாக இறங்கியிருந்தது. அன்று 9 சதவீதத்துக்கும் மேல் சரிந்து முடிந்தது. இப்படி இடைவெளி விட்டு இறங்கும் நாளில், நீங்கள் குறித்து வைத்த விலையில் வாங்குவதற்கு ஆள் இருக்க மாட்டார்கள். கிடைத்த விலைக்கு விற்க நேரும், அல்லது இதற்குக் கீழே விற்கக் கூடாது என்று எல்லை விலை வைத்திருந்தால் விற்பனையே நடக்காமல் போகலாம். 2013 ஏப்ரல் 12 அன்று, அடுத்த ஆண்டு வருவாய் 6 முதல் 10 சதவீதம்தான் வளரும் என்று சொன்னதற்காக அதே பங்கு ஒரே நாளில் சுமார் 21 சதவீதம் விழுந்தது. உங்கள் ₹18 லட்சத்தில் அது ₹3.78 லட்சம்.

நல்ல நிறுவனம்தானே, மீண்டு வரும் என்று நீங்கள் நினைக்கலாம். மைக்ரோசாஃப்ட்டும் நல்ல நிறுவனம்தான். ஆனால் 2000-ஆம் ஆண்டில் மட்டும் அதன் பங்கு 60 சதவீதத்துக்கும் மேல் இறங்கியது. 1999 டிசம்பரின் உச்ச விலையைத் தாண்ட 16 ஆண்டுகளுக்கும் மேல் ஆயிற்று. உங்கள் மகளின் கல்லூரிச் சேர்க்கை அதுவரை காத்திருக்காது.

எனக்கு அதிகக் கவலை தருவது இன்னொன்று. உங்கள் சம்பளம், பங்கு, ஃபண்ட் மூன்றுமே பெரும்பாலும் அமெரிக்க நிறுவனங்கள் தொழில்நுட்பத்துக்குச் செலவிடும் பணத்தையே நம்பியிருக்கின்றன. அங்கே கை இறுகினால் பங்கு விழும் அதே மாதத்தில் உங்கள் வேலைக்கும் ஆபத்து வரலாம். அப்போது வீட்டுச் செலவுக்காக அடிமட்ட விலையில் விற்க வேண்டியிருக்கும்.

ஆகவே கல்லூரிக்கான ₹10 லட்சத்தை இந்தப் பங்கிலிருந்தே எடுத்து, தேவைப்படும் மாதத்துக்கு ஏற்ப வங்கி வைப்பு நிதியில் போடுங்கள். ஓராண்டுக்கு மேல் வைத்திருந்த பங்கின் லாபத்தில், நிதியாண்டுக்கு ₹1.25 லட்சத்துக்கு மேற்பட்ட தொகைக்கு 12.5 சதவீத வரி உண்டு. அதனால் மார்ச் 31-க்கு முன் ஒரு பகுதியும் ஏப்ரல் 1-க்குப் பின் மறுபகுதியும் விற்றால் அந்த விலக்கை இருமுறை பெறலாம். வரியை மிச்சப்படுத்துவதற்காக மாதக்கணக்கில் தள்ளிப்போட மட்டும் வேண்டாம். டெக்னாலஜி ஃபண்டில் மாதத் தவணை கட்டி வந்தால் அதை நிறுத்திவிட்டு, பல துறைகளில் முதலீடு செய்யும் ஒரு ஃபண்டில் இந்த மாதமே தொடங்குங்கள்.