கேட்பவர் காதுக்கு எட்டாமல் போகும் வேலை

“ஒரு பாட்டை உருவாக்குவதில் கேட்பவர் கவனிக்கவே கவனிக்காத உழைப்பு எது?” என்று கேட்டிருக்கிறீர்கள். தனித்தனியாகப் பதிவான குரலையும் வாத்தியங்களையும் ஒரே பாட்டாகக் கலக்கும் மிக்ஸிங் வேலை செய்பவன் என்ற முறையில் என் பதில்: பாடகரின் குரலை அசை அசையாக ஏற்றி இறக்குவது.

எவ்வளவு தேர்ந்த பாடகரானாலும் வரியின் முதல் சொல் ஓங்கி விழும், கடைசி எழுத்து மூச்சோடு கரையும். தனியாகக் கேட்டால் அதுதான் அழகு. கிட்டார், வயலின், டிரம்ஸ் எல்லாம் சேர்ந்ததும் அந்தக் கடைசி எழுத்து காணாமல் போய்விடும். ஓங்கும் ஒலியைத் தானாகவே அடக்கிச் சமன் செய்யும் கம்ப்ரஸர் போட்டால் போதாதா என்று கேட்பார்கள். ஒலி பெரிதா சிறிதா என்பதுதான் கம்ப்ரஸருக்குத் தெரியும். பாட்டின் உயிர் எந்தச் சொல்லில் இருக்கிறது என்பது தெரியாது. அதனால் கையால்தான் செய்ய வேண்டும். இந்தச் சொல்லை 1 டெசிபல் ஏற்று, அடுத்து வரும் மூச்சை 4 டெசிபல் இறக்கு. மூச்சை அடியோடு வெட்டிவிடவும் கூடாது, மனிதர் பாடுவதாகவே தோன்றாது. ‘ஸ’ வரும் இடங்கள் 5,000 முதல் 8,000 ஹெர்ட்ஸ் வாக்கில் காதைக் குத்தும். அந்த ஓசையை மட்டும் குறைக்கும் டீ-எஸ்ஸரால் கொஞ்சம் அடக்கலாம், அதிகமானால் பாடகருக்கு நாக்கு குழறுவது போலாகிவிடும். நாலு நிமிடப் பாட்டில் குரலுக்கு மட்டுமே ஒரு முழு நாள் எனக்குப் போயிருக்கிறது. ஐந்தாறு முறை பாடியதிலிருந்து நல்ல வரிகளைப் பொறுக்கி ஒட்டும் வேலை இதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

அடுத்தது ஃபேஸ், அதாவது ஒரே ஒலி வெவ்வேறு மைக்குகளில் பதியும்போது அலைகள் ஒத்துப்போகின்றனவா என்பது. நான் வேலை பழகிய காலத்தில் ஒரு பாட்டில் ஸ்னேர் டிரம் தகரத்தைத் தட்டுவது போலவே இருந்தது. ஒலியின் கனத்தையும் கூர்மையையும் கூட்டிக் குறைக்கும் ஈக்யூவோடு இரண்டு நாள் போராடினேன். ஸ்னேருக்கு மேலே ஒரு மைக், கீழே ஒரு மைக் வைத்திருந்தார்கள். மேல் தோலை அடிக்கும்போது அது மேல் மைக்கை விட்டு விலகும், கீழ்த் தோலோ கீழ் மைக்கை நோக்கி நகரும். இரண்டு அலைகளும் எதிரெதிராக வந்து ஒன்றையொன்று தின்றுகொண்டிருந்தன. கீழ் மைக்கின் போலாரிட்டியைத் திருப்பியதும், அதாவது அதன் அலையை மேல்கீழாகப் புரட்டியதும், ஸ்னேருக்குச் சதை வந்தது. தூரமும் இப்படித்தான் விளையாடும். ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது. ஒரு மீட்டர் தள்ளி இருக்கும் மைக்குக்கு அதே அடி ஏறக்குறைய 3 மில்லி நொடி தாமதமாக வந்து சேரும். அந்தச் சின்னத் தாமதம் போதும், சில அதிர்வெண்கள் அமுங்கிப்போக.

காலால் அடிக்கும் கிக் டிரம்மும் அடி ஸ்வரங்களை வாசிக்கும் பேஸும் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒரே இடத்துக்கு முட்டிக்கொள்ளும். யார் எங்கே உட்காருவது என்று பிரித்துக் கொடுப்பதும் நம் பாடுதான்.

எனக்கு இன்றும் வியப்பாக இருப்பது ஃபோன் ஸ்பீக்கர் விஷயம். பேஸின் அடி ஒலியை அந்தச் சின்ன ஸ்பீக்கரால் சரியாகத் தரவே முடியாது. அதனால் பேஸில் லேசாக டிஸ்டார்ஷன் (ஒலிச் சிதைவு) சேர்த்து மேல் ஹார்மோனிக்ஸை, அதாவது அடி ஸ்வரத்தின் மடங்குகளாக மேலே ஒலிக்கும் ஓசைகளை, தூக்கிவிடுவோம். அவற்றை மட்டும் கேட்டு, இல்லாத அடி ஸ்வரத்தை மூளை தானே நிரப்பிக்கொள்கிறது. எவ்வளவு சேர்ப்பது என்பதில்தான் பாடு. ஃபோனில் பேஸ் எட்டிப் பார்க்கும் அளவுக்குச் சேர்த்தால் பெரிய ஸ்பீக்கரில் கரகரக்கும். அங்கே சரிசெய்தால் இங்கே மறைந்துவிடும். இரண்டுக்கும் நடுவே ஒரு புள்ளி கிடைக்கும்வரை மாறி மாறிக் கேட்டுக்கொண்டே இருப்பேன்.