செயற்கை பெப்டைடு என்று ஏற்பிக்குத் தெரியுமா?

"ஆய்வகத்தில் செய்த பெப்டைடு மனித நோயெதிர்ப்பு செல்லின் ஏற்பியோடு எப்படி இணைகிறது? அது செயற்கை என்று செல்லுக்குத் தெரியாதா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

தெரியாது. பெப்டைடு என்பது அமினோ அமிலங்கள் கோத்த குட்டிச் சங்கிலி; ஏற்பி, செல்லின் மேல் நின்று சேதி வாங்கும் புரதம். ஏற்பி பெப்டைடின் பூர்வீகத்தை விசாரிப்பதில்லை. வடிவமும் மின்னூட்டமும் பொருந்தினால் போதும்.

ஆய்வு மாணவனாக நான் அதிகம் கையாண்டது எஃப்எம்எல்பி என்ற பெப்டைடு. மெத்தியோனின், லியூசின், ஃபினைல்அலனின் என மூன்றே அமினோ அமிலங்கள், மெத்தியோனினின் தலையில் ஃபார்மைல் என்ற ஒரு குட்டி அணுத் தொகுதி. பாக்டீரியா தன் புரதங்களை ஃபார்மைல் மெத்தியோனினில்தான் தொடங்கும் (நம் மைட்டோகாண்ட்ரியாவும் அப்படித்தான், பழைய பாக்டீரியா வம்சமாயிற்றே). அதை மோப்பம் பிடிக்கவே நியூட்ரோஃபில்கள் என்ற வெள்ளை அணுக்களின் மேல் எஃப்பிஆர்1 என்ற ஏற்பி இருக்கிறது. செல் சவ்வை ஏழு முறை குறுக்காகக் கடக்கும் புரதம் அது. நடுவில் ஒரு குழி. பெப்டைடு ஃபார்மைல் முனையை முன்னால் நீட்டி அதற்குள் இறங்கும். பிடித்து வைப்பவை ஹைட்ரஜன் பிணைப்புகளும் நீரை வெறுக்கும் பக்கச் சங்கிலிகளின் ஒட்டுதலும்தான். எல்லாம் வந்து போகும் பிணைப்புகள். ஏற்பி சற்றே வடிவம் மாறும், உள்ளே சேதி கடத்தும் ஜி புரதம் விழிக்கும், சில நொடிகளில் செல்லுக்குள் கால்சியம் ஏறும்.

ஒரு நாள் அந்தக் கால்சியம் ஏறவே இல்லை. செல்களைக் குறை சொன்னேன், ரத்தத்திலிருந்து பிரித்த நியூட்ரோஃபில்கள் சில மணி நேரம்தான் தாங்கும் என்பதால். அப்புறம் கால்சியத்தைக் காட்டும் சாயத்தை மாற்றிப் பார்த்தேன். இரண்டு நாள் வீண். கடைசியில் குற்றவாளி பழைய பெப்டைடு குப்பி: மெத்தியோனினின் கந்தகத்தில் ஆக்சிஜன் ஏறியிருந்தது. கூடுதலாக ஒரே ஓர் அணு, ஏற்பி கண்டுகொள்ளவில்லை. புதுக் குப்பியைத் திறந்ததும் வரைகோடு செங்குத்தாக ஏறியது. நியூட்ரோஃபில்லே தான் கக்கும் ஆக்சிஜனேற்றிகளால் இந்தப் பெப்டைடை இப்படித்தான் செயலிழக்க வைக்கிறது என்று பிறகுதான் படித்தேன்.

இணைந்தாலே செல் தூண்டப்படும் என்றும் இல்லை. ஃபார்மைலுக்குப் பதில் 'போக்' என்ற பருமனான தொகுதியை வைத்தால், பெப்டைடு ஏற்பியில் உட்கார்ந்து மற்றவர்களுக்கு வழிவிடாமல் மறிக்கும், தானும் தூண்டாது.

உங்கள் 'செயற்கை' சந்தேகத்துக்கு இன்னும் நல்ல உதாரணம், பெப்டைடு நூலகங்களை (செயற்கைப் பெப்டைடுகளின் பெருந்தொகுப்புகள்) சலித்துக் கண்டெடுத்த ஓர் ஆறு அமினோ அமிலப் பெப்டைடு. அதன் கடைசி மெத்தியோனின் டி வடிவம், அதாவது வழக்கமான வடிவத்தின் கண்ணாடிப் பிம்பம். புரதம் கோக்கும் நம் ரைபோசோம்கள் கோக்காத வடிவம் அது. இருந்தும் எஃப்பிஆர்1இன் உறவான எஃப்பிஆர்2 ஏற்பியை அது பலமாகத் தூண்டும். 2020இல் வெளியான கட்டமைப்புப் படங்களில் பார்த்தால், அது குழிக்குள் இறங்குவதே தலைகீழாக: வால் முனையில் இருக்கும் அந்த டி மெத்தியோனின்தான் அடியாழத்தில் கிடக்கிறது.